கூட்டம் சேராத கோட்டைகள்

ஜெர்மனிக்குப் போய் வந்தோம் என்று சொன்னவுடன் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி, 'அந்த வெள்ளைக் கோட்டையைப் பார்த்தீர்களா?' என்பதுதான். பார்த்தோம். பவேரியாவின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், நாட்காட்டிகளிலும் சாக்லேட் பெட்டிகளிலும் எல்லோரும் பார்த்துப் பழகிய நொய்ஷ்வான்ஷ்டைன்தான் அது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 இலட்சம் பேர் வந்து போகும் இடம். நுழைவுச்சீட்டில் குறித்த மணித்துளிக்கு வாயில் திறக்கிறது. வழிகாட்டியின் பின்னால் ஏறி, நடந்து, இறங்கி, அரைமணி நேரத்தில் மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறோம். அந்த அரைமணியில் எங்கள் நினைவில் தங்கியது ஒன்றே ஒன்று: அரியணை மண்டபத்தில் அரியணை இல்லை. அதைச் செய்து வைப்பதற்குள் அரசர் இறந்துவிட்டார்.

குறை கோட்டையுடையதன்று. பார்க்கப் போன எங்களுடையது. படத்தில் கண்டதை நேரில் சரிபார்த்து வருவதற்காகவே நாங்கள் போயிருந்தோம், சரிபார்த்தோம், வந்துவிட்டோம். இரண்டாம் லூட்விக் 1869-இல் கட்டத் தொடங்கிய அந்த மாளிகைக்கு முதல் ஓவியங்களை வரைந்தவர் கிறிஸ்டியான் யாங்க் என்னும் நாடகத் திரைச்சீலை ஓவியர். வெளியே இடைக்காலக் கோபுரம். உள்ளே குழாயில் வெந்நீர், மைய வெப்பமூட்டல். யாரும் முற்றுகையிடாத, முற்றுகையிடும் எண்ணமும் யாருக்கும் தோன்றியிராத கோட்டை. 1886-இல் அரசர் ஷ்டார்ன்பெர்க் ஏரியில் பிணமாகக் கிடந்தார். அடுத்த சில வாரங்களிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே விடத் தொடங்கிவிட்டார்கள். தனிமையை நாடி ஒருவர் கட்டிய வீடு கூட்டத்தின் வீடாக மாற இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2025-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. இனிக் கூட்டம் குறைய வழியில்லை.

அன்று மாலை எங்கள் பழைய மாணவர் ஒருவருடன் தொலைபேசியில் பேசினோம். கல்லூரியில் வேதியியல் படித்தவர். முதற்பகுதித் தமிழுக்காக எங்களிடம் இரண்டாண்டு அமர்ந்திருந்தவர். இப்போது கோட்டிங்கனில் ஆய்வு செய்கிறார். 'ஐயா, நீங்களும் அம்மாவும் பார்த்தது நாடக மேடை. கோட்டை பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். கூட்டம் இருக்காது, ஆனால் ஏற வேண்டியிருக்கும்' என்றார். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு அந்த அழைப்பே காரணம்.

இங்கே சொல் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எல்லாவற்றையும் 'கோட்டை' என்று சொல்லிவிடுகிறோம். ஜெர்மன் மொழியில் 'புர்க்' வேறு, 'ஷ்லோஸ்' வேறு. முன்னது காவலுக்கான அரண். பின்னது வாழ்வதற்கும் காட்டுவதற்குமான மாளிகை. நொய்ஷ்வான்ஷ்டைன் பெயரளவிலும் ஷ்லோஸ்தான். தமிழிலும் எயில், இஞ்சி, புரிசை, ஞாயில், அகழி, புழை என்று மதிலின் ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் இருந்தது. இவற்றில் பலவற்றை நாங்கள் வகுப்பறையில் மட்டுமே உச்சரித்து வந்தோம். மதிலின் உச்சியில் பல்வரிசைபோல நிற்கும் ஞாயிலைக் கையால் தொட்டுப் பார்த்தது வெர்ரா ஆற்றங்கரையில்தான் என்பதைச் சற்றுக் கூச்சத்துடனேயே ஒப்புக்கொள்கிறோம். செஞ்சிக்குப் போனபோது தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜெர்மனியில் கோட்டைகளும் மாளிகைகளும் அவற்றின் சிதைவுகளுமாக 25,000 வரை இருக்கும் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. இவற்றுள் அயல்நாட்டார் அறிந்தவை பத்து, பன்னிரண்டு. எஞ்சியவற்றுக்கு யார் போகிறார்கள்? பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை நடையர்கள், சைக்கிளில் ஆற்றோரம் வருபவர்கள். இவர்களுக்காகத் திறந்திருக்கும் இடங்களில் நுழைவுக்கட்டணம் சில யூரோக்கள். அதையும் சில்லறையாகக் கேட்பார்கள். பல கோட்டைகளைப் பராமரிப்பவர்கள் உள்ளூர் மரபுக் கழகத்தினர். கூரை ஓட்டை மாற்றுவதும் அவர்கள்தான், சீட்டுக் கிழிப்பதும் அவர்கள்தான், கேக் விற்பதும் அவர்கள்தான்.

நாங்கள் போனது வெர்ரா பள்ளத்தாக்கு. ஜெர்மனியின் ஏறத்தாழ நடுவில், ஹெஸ்ஸன் மாநிலமும் தூரிங்கியன் மாநிலமும் தொட்டுக்கொள்ளும் இடம். ஆற்றின் இருமருங்கும் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு கோட்டைகள் நிற்கின்றன. தூரிங்கியன் பக்கத்தில் ஹான்ஷ்டைன்; ஹெஸ்ஸன் பக்கத்தில் லூட்விக்ஷ்டைன். ஒன்றின் சன்னலில் நின்றால் மற்றொன்று தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டதும்கூட. ஹான்ஷ்டைன் பழையது, 1070-இல் நான்காம் ஹென்றி அரசர் அதை இடித்த செய்தி பதிவாகியிருக்கிறது. இன்று காணும் கற்கள் 1308-க்குப் பின் எழுந்தவை. ஹான்ஷ்டைன் குடும்பத்தாரின் கை ஓங்குவதைப் பொறாத ஹெஸ்ஸன் கோமகன் முதலாம் லூட்விக், 1415-இல் எதிர்க்குன்றில் தன் பெயரால் ஒரு கோட்டையை எழுப்பினார். உழிஞை ஒருபுறம், நொச்சி மறுபுறம் என்று புறத்துறைகளைப் பாடம் நடத்திய எங்களுக்கு, முற்றுகையே இல்லாமல் நூற்றாண்டுக்கணக்கில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இரு கோட்டைகளை எந்தத் துறையில் சேர்ப்பது என்று விளங்கவில்லை.

முதல்நாள் இரவு லூட்விக்ஷ்டைனில் தங்கினோம். ஆம், தங்கலாம். 1920-இல் அந்தச் சிதைந்த கோட்டையை 'வாண்டர்ஃபோகல்' இயக்கத்து இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அலையும் பறவை என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினின் புறநகரில் உருவாகி, தொழில் நகரங்களின் புகையை விட்டுக் காட்டுக்கும் மலைக்கும் பாழடைந்த கோட்டைகளுக்கும் கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் முதலாம் உலகப் போரில் மாண்டுபோயினர். அவர்களின் நினைவிடமாகவே இக்கோட்டை செப்பனிடப்பட்டது. இன்றும் இளைஞர் விடுதி. ஜெர்மன் இளைஞர் இயக்கத்தின் ஆவணக் காப்பகமும் இங்கேதான். மரக்கட்டில், கம்பளி, காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். கூட்டத்தை விட்டு விலகிப் போவதில் நாங்கள் ஏதோ புதுமை செய்துவிட்டதாக அதுவரை எண்ணியிருந்தோம். நூறாண்டுக்கு முன்பே ஒரு தலைமுறை முழுவதும் செய்து பார்த்த காரியம் அது என்பது அந்த முற்றத்தில் உறைத்தது. அந்த விலகலும் அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை. 1933-இல் இளைஞர் இயக்கங்கள் கலைக்கப்பட்டு, பிள்ளைகள் ஹிட்லரின் அமைப்புக்குள் இழுக்கப்பட்டார்கள். நெருப்பைச் சுற்றிப் பாடும் பழக்கம் அங்கும் எடுபட்டது.

மறுநாள் காலை ஆற்றைக் கடந்து ஹான்ஷ்டைனுக்கு ஏறினோம். பீச் மரங்களூடே பாதை. மாணவர் சொன்னபடி ஏற வேண்டித்தான் இருந்தது. எங்கள் வயதில் இரண்டு இடங்களில் 'மரங்களைப் பார்ப்பதற்காக' நின்றோம். மேலே சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரு முதியவர். மேசையில் ஒரு பிளாஸ்க், பாதி முடித்த குறுக்கெழுத்துப் புதிர். எங்களையும் சேர்த்து அன்று காலை வந்தவர்கள் ஏழு பேர் என்றார்.

ஹான்ஷ்டைன் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே பாழ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடும்பத்தார் ஒரு மண்டபத்தை மட்டும் புதுப்பித்துக்கொண்டார்கள். மற்றபடி வானத்துக்குத் திறந்த அறைகள். சுவரின் நடுவே, தரையே இல்லாத உயரத்தில், ஒரு கணப்படுப்பின் வாய். மேல்தளம் எங்கிருந்தது என்பதை அதைக் கொண்டு நாமே கண்டுகொள்ள வேண்டும். விட்டங்கள் செருகிய குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு சன்னலின் உள்மூலையில் எதிரெதிராக இரண்டு கல்லிருக்கைகள். வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து யாரோ தைத்திருக்கிறார்கள், யாரோ பேசியிருக்கிறார்கள். ஒரு சன்னலுக்கு அரைமணி எடுத்துக்கொள்ளலாம். யாரும் நகரச் சொல்லவில்லை.

சிதைந்த நூல்களோடு பழகியவர்களுக்கு இது அந்நியமான இடமன்று. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கிடைக்காத அடிகள் இருந்த இடங்களில் புள்ளியிட்டு விட்டார். 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. எண்கள் மட்டும் நிற்கின்றன. அவருக்கிருந்த புலமைக்கு அந்த அடிகளை அவரே பாடி நிரப்பியிருக்க முடியும். நிரப்பாததனால்தான் மற்ற அடிகளை நம்புகிறோம். ஜெர்மனியில் ஏறத்தாழ அதே காலத்தில் இதே வழக்கு கட்டடங்களை முன்வைத்து நடந்தது. ஹைடல்பெர்க் கோட்டையின் சிதைவை முழுமையாகக் கட்டி எழுப்பிவிடலாம் என்று சிலர் கிளம்பியபோது, கலைவரலாற்றாசிரியர் கேயோர்க் டேஹியோ 1901-இல் அதை எதிர்த்து எழுதினார். இருப்பதைக் காப்பதே நம் வேலை, இல்லாததைக் கற்பித்துச் சேர்ப்பது பொய் என்பது அவர் கட்சி. மறுகட்சியும் வலுவானதே. அப்போது ஜெர்மனியின் கையிலிருந்த அல்சாஸ் பகுதியில் 'ஹோஹ்கோனிக்ஸ்புர்க்' சிதைவைக் கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் விருப்பப்படி போடோ எப்ஹார்ட் 1900-க்கும் 1908-க்கும் இடையில் முழுக்கோட்டையாக்கினார். அழகாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். நாங்கள் டேஹியோவின் பக்கம். ஆனால் எப்ஹார்டை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. 1899-இல் அவர் முன்னின்று தொடங்கிய கோட்டைக் கழகம்தான் அடுத்த ஆண்டு ரைன் கரையின் மார்க்ஸ்புர்க்கை வாங்கிக் காப்பாற்றியது. நடு ரைனின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் இடிபடாமல் நின்றது அது ஒன்றுதான். நிரப்புகிறவனுக்கும் நூல்மேல் காதல் உண்டு, அதுதான் சிக்கல்.

வடகோபுரத்தின் உச்சியில் நின்றபோது முதியவர் மெல்ல ஏறி வந்தார். மாணவர் ஜெர்மன் மொழியில் கேட்டுச் சொன்னார். 1945-க்குப் பின் இந்தக் குன்று சோவியத் மண்டலத்தில் விழுந்தது. லூட்விக்ஷ்டைன் அமெரிக்க மண்டலத்தில். 1952 முதல் கிழக்குப் பகுதியில் எல்லையை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தடைப்பகுதி. உரிய அனுமதிச்சீட்டு இல்லாமல் எவரும் நுழைய இயலாது. ஹான்ஷ்டைன் அதற்குள் அடங்கிவிட்டது. நாங்கள் நின்றிருந்த அதே கோபுரத்திலிருந்து எல்லைக்காவலர்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, பதினைந்தாம் நூற்றாண்டில் லூட்விக் கோமகன் திட்டமிட்ட முறைப்பு இருபதாம் நூற்றாண்டில் தொலைநோக்கியோடு தொடர்ந்திருக்கிறது.

முதியவர் மேற்குக் கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் இந்தக் கோட்டை கண்ணெதிரே இருக்குமாம். அதன் பின்பக்கம் எப்படியிருக்கும் என்று அவர் தம் தாத்தாவைக் கேட்பாராம். தாத்தா குச்சியால் மண்ணில் வரைந்து காட்டுவாராம். முதல்முறை ஏறி வந்தது 1989-இன் குளிர்காலத்தில். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 'தாத்தா வரைந்தது சரியாக இருந்ததா?' என்று கேட்கச் சொன்னோம். ஒரு சுவரைத் தாத்தா மறந்துவிட்டிருந்தார் என்றார்.

நொய்ஷ்வான்ஷ்டைனில் இப்படி ஒரு வாக்கியம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அங்கும் சொல்வதற்கு ஆள் இருக்கலாம். கேட்பதற்கு நேரம் இல்லை. கூட்டத்தை நாங்கள் வெறுப்பதற்குக் காரணம் இரைச்சல் அன்று. கூட்டம் ஓர் இடத்தை ஒரே ஒரு வாக்கியமாகச் சுருக்கிவிடுகிறது. 'பித்தர் அரசர் கட்டிய தேவதைக் கதைக் கோட்டை' என்பதைத் தாண்டி அங்கே எதுவும் கேட்பதில்லை. நாஜிகள் பிரான்சில் யூதக் குடும்பங்களிடம் கொள்ளையிட்ட கலைப்பொருள்களை அடுக்கி வைத்த களஞ்சியங்களுள் அந்த வெள்ளை மாளிகையும் ஒன்று என்பதை எத்தனை பேர் நினைவோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்?

அதற்காக அறியப்படாத கோட்டைகளெல்லாம் தூய்மையானவை என்று சொல்ல வரவில்லை. அமைதியான இடம் குற்றமற்ற இடம் என்று எண்ணுவது பயணிகளின் நோய். வெஸ்ட்ஃபாலியாவில் பாடர்போர்னுக்கு அருகே வேவல்ஸ்புர்க் என்று ஒரு முக்கோண வடிவ மாளிகை; பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர்கள் கட்டியது. 1934-இல் ஹிம்லர் அதை எஸ்.எஸ். படைக்காகக் குத்தகைக்கு எடுத்தார். அதை விரிவாக்கிக் கட்டும் வேலைக்கென்றே ஊரின் ஓரத்தில் நீடர்ஹாகன் வதைமுகாம் அமைந்தது; குறைந்தது 1,285 கைதிகள் அங்கே மாண்டார்கள். இன்று ஒரு பகுதியில் இளைஞர் விடுதி. ஒரு பகுதியில் அந்தக் கொடுமையை மறைக்காமல் சொல்லும் அருங்காட்சியகம். பிள்ளைகள் படிகளில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அது சரியா தவறா என்று எங்கள் இருவருக்குள்ளேயே இன்னும் உடன்பாடில்லை.

சாக்ஸனியில் கோல்டிட்ஸ் இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் தப்பியோடும் வழக்கமுள்ள நேசநாட்டு அதிகாரிகளைச் சிறைவைத்த இடம். அதைப் பற்றி ஆங்கிலேயர் எடுத்த படங்களும் எழுதிய நூல்களும் ஏராளம். அவற்றில் நெடுங்காலம் ஓரமாகவே நின்ற ஒருவர் பிரேந்திரநாத் மஜும்தார். பிரிட்டிஷ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த வங்காளி. பெர்லினில் சுபாஷ் சந்திர போஸைச் சந்திக்க வைத்தும் அவர் பக்கம் சேரவில்லை; ஆயினும் உடன் கைதிகளான ஆங்கிலேயர் இவரை ஐயத்தோடுதான் பார்த்தார்கள். இந்தியக் கைதிகளின் முகாமுக்குத் தம்மை மாற்றக்கோரி உண்ணாநோன்பிருந்து மாற்றம் பெற்றார். பின்னர் பிரான்சிலிருந்து தப்பி சுவிட்சர்லாந்தை அடைந்தார். சுரங்கம் தோண்டியவர்கள் புகழ்பெற்ற கோட்டையில், பட்டினி கிடந்து வாசல்வழியே வெளியேறியவர் ஓர் இந்தியர். நாங்கள் கோல்டிட்ஸ் போகவில்லை. அடுத்தமுறை போவோம்.

ஒரு மனச்சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் இல்லை, ஆகவே போங்கள் என்று எழுதுகிறவர்கள்தாம் கூட்டத்துக்கு முதல் விதை. மோசல் ஆற்றங்கரைக் காட்டுக்குள், ஒரே குடும்பத்தின் 33 தலைமுறைகள் காத்துவரும் எல்ட்ஸ் கோட்டையும் ஒருகாலத்தில் உள்ளூராருக்கு மட்டுமே உரியதாக இருந்திருக்கும்; 500 மார்க் நோட்டில் அச்சாயிற்று, பிறகு செல்பேசிகளில் பரவிற்று. நாங்கள் முதியவரிடமே கேட்டோம்: 'உங்கள் கோட்டையைப் பற்றி எழுதலாமா?' அவர் சிரித்தார். கூரைக்குப் பணம் வேண்டும். ஏழு பேரின் சீட்டில் எத்தனை ஓடு வாங்குவது? கூட்டமின்மை எங்களுக்கு இன்பம், அவருக்குப் பற்றாக்குறை. இந்த வேறுபாட்டை உணராமல் 'யாரும் அறியாத' என்ற அடைமொழியைப் பயணக் கட்டுரைகளில் தூவுவது அருவருப்பாக இருக்கிறது. யாரும் அறியாத இடமென்று ஒன்றுமில்லை. அங்கே பிறந்தவர்கள் அறிவார்கள்.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். 2023-இல் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, பின்னர் விலை ஏறிய 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' இருந்தால் விரைவு வண்டிகள் நீங்கலாக நாட்டின் எல்லா வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் மாதம் முழுதும் போகலாம். சிறுகோட்டைகளுக்குப் போகிறவை அந்த வண்டிகளே. குளிர்காலத்தில் பல கோட்டைகள் பூட்டிக் கிடக்கும். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, 1993 முதல் ஆண்டுதோறும் நாடெங்கும் 'திறந்த நினைவுச்சின்ன நாள்'. மற்ற நாள்களில் திறக்காத கதவுகள் சிலவும் அன்று திறக்கும். சித்திரவதைக் கூடம் என்று எழுதி அம்பு போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நலம். அவற்றில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுற்றுலாவின் கற்பனை.

மூன்றாம் நாள் காலை பாட் ஸோடன்-ஆலன்டார்ஃபுக்கு ரயிலேறினோம். அந்த இருப்புப்பாதைக்கு ஒரு கதை உண்டு. போர் முடிந்த 1945-இல், அமெரிக்கர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட இப்பாதையின் நான்கு கிலோமீட்டர் அளவு மட்டும் சோவியத் மண்டலத்துக்குள் போய் வந்தது. செப்டம்பர் 17 அன்று வான்ஃபிரீட் என்னும் சிற்றூரில் இரு தரப்பு அதிகாரிகளும் அமர்ந்து ஊர்களை மாற்றிக்கொண்டார்கள். வெர்லஸ்ஹவுசனும் நொய்சேசனும் அமெரிக்கர் பக்கம் வந்தன; ஆஸ்பாக், ஸிக்கன்பெர்க் முதலிய ஹெஸ்ஸன் ஊர்கள் சோவியத் பக்கம் போயின. கையெழுத்திட்ட பின் விஸ்கியும் வோட்காவும் பரிமாறிக்கொண்டார்களாம். மக்கள் இன்றும் இதை 'விஸ்கி-வோட்கா பாதை' என்கிறார்கள். அப்படிக் கைமாறிய ஊர்களை ஒட்டிய ஷிஃப்லர்ஸ்குருண்ட் பள்ளத்தில் 1982 மார்ச் 29 அன்று ஹைன்ஸ்-யோசஃப் குரோஸ என்ற தொழிலாளி, மண் அள்ளும் எந்திரத்தை வேலியருகே நிறுத்தி, அதன்மீதேறி மறுபக்கம் குதித்தார், சுடப்பட்டு இறந்தார். அங்கே இன்று எல்லை அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் போய்க்கொண்டிருந்தது அதற்குத்தான்.

வெர்லஸ்ஹவுசனை நெருங்கும்போது, 'ஐயா, இதுதான் அந்த நான்கு கிலோமீட்டர்' என்று மாணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிரிருக்கையில் ஒரு பெண் குழந்தைக்கு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் பேசாமல் வெளியே பார்த்தபடி இருந்தோம். வயல், ஒரு குதிரை, மரங்களுக்கு மேலே சிறிது நேரம் கோபுரம். 'முடிந்தது அம்மா' என்றார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.